நான் கட்டிய அட்டையும் ஒரு கவசக்கப்பலும்

அருங்காட்சியகக் கிடங்குகளில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, "மாமா, இவ்வளவு காலம் உங்கை நிண்டனீங்கள், எங்களுக்கும் ஏதாவது எழுதித் தாங்கோவன்" என்று உங்களில் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். சரி, எழுதுகிறேன். பெட்டியை எப்படித் தூக்குவது, கையுறையை எப்போது போடுவது என்பதையெல்லாம் என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். அதற்கு வகுப்பு வைக்கிறார்கள், சான்றிதழும் கொடுக்கிறார்கள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு யாழ்ப்பாணத்தில் ஒரு வெல்டிங் கடையில் நின்றவன். பிறகு நோர்வேயின் வடகோடியில், ஹம்மர்பெஸ்டில் மீன் வெட்டினேன். அதன் பிறகுதான் ஒஸ்லோ. எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: ஒரு வியாழக்கிழமை நான் எப்படி வாயைத் திறந்தேன் என்பது. அதை நினைத்தால் எனக்கு இன்னமும் எரிச்சல்தான் வருகிறது. ஆகவே எரிச்சலோடுதான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் குணத்தைச் சொல்ல வேண்டும். நான் பயந்தவன். கதவைப் பூட்டிவிட்டுப் படியிறங்கினால் பூட்டினேனா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பேன். ஒஸ்லோவின் குரோருட்டில் எங்கள் வீட்டிலிருந்து ரயில் நிலையத்துக்கு ஆறு நிமிட நடை. எனக்கு எப்போதும் பன்னிரண்டு நிமிடம். கிடங்கிலும் அப்படித்தான். தண்ணீர்க் குழாய் எந்தப் பெட்டிக்கு மேலே போகிறது, எந்தக் கயிறு நைந்திருக்கிறது, மார்கழியில் கோப்பி மேசையில் இவர்கள் கொளுத்தி வைக்கும் மெழுகுதிரி மரக்கப்பல் மாதிரியுருவத்துக்கு எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று என் கண் அலைந்துகொண்டே இருக்கும்.

ஹம்மர்பெஸ்டில் மேற்பார்வையாளர் பிழையைக் கண்டால் கத்துவார். அது நல்லது. கத்தினால் என்ன பிழை என்றாவது தெரியும். ஒஸ்லோவில் நான் வேலை செய்த அந்தக் கப்பல் அருங்காட்சியகத்தில் கத்துவதற்கு ஆளே இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரு கூட்டம் வைப்பார்கள், கூட்டத்தில் கோப்பி இருக்கும், கடைசியில் யாராவது ஒருவர் "டெ கோர் ப்ரா" என்பார். எல்லாம் சரியாகப் போகும் என்று அர்த்தம். எப்படிச் சரியாகப் போகும், யார் அதைச் சரியாக்குவார் என்று கேட்டால் சிரிப்பார்கள்.

வேலையிடத்தில் சரியில்லாத ஒன்றைக் கண்டால் எழுதிக் கொடுக்க ஒரு படிவம் உண்டு. 'அவ்விக்' என்று பெயர். நீங்களும் எழுதுவீர்கள். நான் எழுதியவற்றைப் போட்டு வைக்க அலுவலகத்தில் தனிக் கோப்பே இருந்தது. அதன் முதுகில் 'சிவா' என்று எழுதி, பக்கத்தில் யாரோ ஒரு சிரிக்கும் முகமும் வரைந்திருந்தார்கள். அந்த முகத்தை வரைந்தவன் ஓடவார் என்று எனக்குத் தெரியும். அவன் எங்கள் தச்சன், பெரிய உருவம், கெட்டிக்காரன். நான் படிவத்தோடு படியேறினால் கீழேயிருந்து, "சிவா, இன்றைக்கு என்ன? வானம் விழப்போகுதா?" என்று கேட்பான்.

இப்போது கப்பலுக்கு வருகிறேன்.

இங்கிலாந்தில் விக்டோரியா மகாராணி இருந்த காலத்தில் உலகம் முழுக்க மரக்கப்பலுக்கு இரும்புக் கவசம் போடும் பைத்தியம் பிடித்திருந்தது. நோர்வே அப்போது சுவீடனோடு ஒன்றாகக் கிடந்த நாடு. அதற்கும் பயம். அமெரிக்காவுக்குப் போய்ப் பெயர் வாங்கிய ஒரு சுவீடன்காரரின் மாதிரியைப் பார்த்து நோர்வேயும் சில கவசக்கப்பல்களைக் கட்டியது. பார்த்தால் கப்பல் என்றே சொல்ல மாட்டீர்கள். தண்ணீரோடு தண்ணீராக ஒரு தட்டையான இரும்புத் தளம், அதன் மேல் பீரங்கி வைத்த உருண்டையான ஒரு சுழல்கோபுரம், ஒரு புகைபோக்கி. அவ்வளவுதான். கொஞ்சம் அலை அடித்தாலும் தளத்தின் மேல் கடல் ஏறும். உள்ளே இருந்தவர்களுக்குப் புழுக்கம், ஈரம், கரிப்புகை. இத்தனை இரும்பையும் பூட்டிக்கொண்டு பல வருடம் எதிரிக்காகக் காத்திருந்தது. எதிரி வரவேயில்லை. கடைசியில் பழைய இரும்பாக வெட்டி விற்றுவிட்டார்கள்.

ஆரணி இதைக் கேட்டுவிட்டு, "உங்களைப்போலத்தான் மாமா" என்றாள். ஆரணி எங்கள் அருங்காட்சியகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கப்பல் கதை சொல்லும் வேலையில் இருந்தாள். நான்கு வயதில் பெற்றோரோடு இங்கே வந்தவள். தமிழை எங்களோடும், நோர்வேஜிய மொழியை எங்களைவிட நன்றாக அவர்களோடும் பேசுவாள். வேலையிடத்தில் தமிழில் கதைக்க எனக்கு இருந்த ஒரே ஆள்.

அந்தக் கப்பலை வெட்டியபோது இரண்டு துண்டுகளை யாரோ எடுத்து வைத்திருக்கிறார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு, மேசை அளவுக்குச் சதுரம், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைந்த தடிப்பு. ஒன்று கப்பலின் பக்கச் சுவர்: வெளியே இரும்பு, உள்ளே தடித்த ஓக் மரம். மற்றது சுழல்கோபுரத்தின் துண்டு. அதில் மரம் கிடையாது. இரும்புத் தகடுக்கு மேல் தகடு, அதற்கு மேல் தகடு என்று அடுக்கி ஆணியால் இறுக்கியது. இதன் பாரம் மற்றதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் இரண்டையும் துருப்பிடிக்காமல் இருக்க எந்தக் காலத்திலோ தாரால் மெழுகிவிட்டார்கள். பக்கத்தில் பார்த்தாலும் மரமா இரும்பா என்று தெரியாது. மூடிய தறப்பாளின் கீழ் இரண்டு கறுப்புக் கட்டிகள். அடையாளம் என்றால் நூலில் கட்டித் தொங்கிய அட்டை மட்டும்தான்.

அந்த நூல் என்னைத் தொந்தரவு செய்தது.

புதிய கிடங்குக்கு மாறிய வருடம் அது. எந்த அட்டையைத் தொட்டாலும் நூல் பொடிப்பொடியாக வந்தது. இது அறுந்து விழுந்தால் எது எது என்று எப்படித் தெரியும்? அவ்விக் எழுதினேன். பதில் இல்லை. மறுபடியும் எழுதினேன். "டெ கோர் ப்ரா." பொறுக்க முடியாமல் நானே கம்பிச் சுருள் ஒன்றை எடுத்துக்கொண்டு, கிடங்கில் இருந்த அத்தனை பொருட்களின் நூலையும் அவிழ்த்து, அட்டைகளைக் கம்பியால் கட்டினேன். யாரும் கேட்கவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. முடித்தபோது எனக்கு வந்த நிம்மதி கொஞ்சமல்ல. கம்பி அறுந்துபோகவே போகாது. ஒவ்வொரு முடிச்சையும் மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன்.

முடிச்சைத்தான் பார்த்தேன்.

பிறகு 2005 வந்தது. நோர்வே சுவீடனிடமிருந்து பிரிந்து நூறு வருடம். நகரம் முழுக்கக் கண்காட்சி, எங்களுக்கும் ஒன்று. கவசக்கப்பலின் துண்டு ஒன்றை மேல்மாடி மண்டபத்தில் வைக்கலாம் என்று கூட்டத்தில் முடிவெடுத்தார்கள். கண்காட்சிக்குப் பொறுப்பானவள் இங்குன், படித்தவள், நல்லவள், ஒருநாளும் குரலை உயர்த்தாதவள். பொறியியலாளர் ஒருவரைக் கூப்பிட்டு மண்டபத்தின் மரத்தளத்தைக் கணக்குப் பார்க்கச் சொன்னாள். அவர் தெளிவாகவே எழுதிக் கொடுத்தார்: பக்கச் சுவர்த் துண்டை வைக்கலாம், தளம் மட்டுமட்டாகத் தாங்கும். கோபுரத் துண்டை வைக்கவே கூடாது.

அந்த மண்டபத்துக்கு நேர் கீழேதான் சாப்பாட்டறை. பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகள் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வரும் பாண் துண்டுகளை அங்கே வைத்துத்தான் சாப்பிடுவார்கள். தினமும் பதினொரு மணிக்கு.

எனக்கும் அந்த நேரம் ஒரு பதற்றம் இருந்தது. நான்கு வருடமாகத் தற்காலிக வேலை. நிரந்தர வேலைக்கான கடிதம் ஆயத்தமாகிவிட்டது, கண்காட்சி திறந்த அடுத்த வாரம் கையெழுத்து என்று இங்குன் சொல்லியிருந்தாள். மனைவி ராணி முதியோர் இல்லத்தில் வேலை. நாங்கள் வீடு வாங்க வங்கிக்குப் போனால் அவர்கள் கேட்கும் முதல் தாள் அந்தக் கடிதம்தான். தற்காலிகக்காரனுக்கு வங்கியில் உட்காரக் கதிரை மட்டும்தான் கிடைக்கும்.

அந்த வியாழக்கிழமை மழை. முற்றத்தில் கிரேன் பூட்டிய லொறி வந்து நின்றது. மேல்மாடி யன்னலைக் கழற்றியிருந்தார்கள். 'பக்கச் சுவர்' என்று என் அட்டை சொன்ன துண்டைக் கிடங்கிலிருந்து உருட்டி வந்து, தறப்பாளை எடுத்து, கிரேன் சங்கிலியில் மாட்டி நிமிர்த்தினார்கள். ஹவுகெட்டோ பக்கத்திலிருந்து வந்த நாலாம் வகுப்பு ஒன்று நனைந்த மேலங்கிகளைக் கழற்றிக்கொண்டு சாப்பாட்டறைக்குள் போய்க்கொண்டிருந்தது. பத்தே முக்கால்.

ஆரணி அந்த வகுப்பை உள்ளே அனுப்பிவிட்டு முற்றத்துக்கு வந்தாள். பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கென்று கையில் ஒரு நீண்ட அடிமட்டம் வைத்திருந்தாள். இவ்வளவு தடிப்பு என்று அளந்து காட்டுவாளாம். நிமிர்ந்து தொங்கிய துண்டின் முகத்தில் அதை வைத்துப் பார்த்தாள். பிறகு வேறொரு இடத்தில் வைத்தாள்.

"மாமா, இஞ்சை ஒருக்கா வாங்கோ. அடிமட்டம் ஆடுது."

"தார் உருண்டு கிடக்கும், பிள்ளை."

"இல்லை மாமா. நடுவிலை முட்டுது, ரெண்டு கரையும் விலகி நிக்குது. இது வளைஞ்சிருக்கு."

நான் போய்க் குனிந்து பார்த்தேன். அடிமட்டத்தின் இரு முனையிலும் என் விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி. கப்பலின் நடுப்பக்கச் சுவர் தட்டை. வளைந்திருப்பது எது? உருண்டையானது எது? வெல்டிங் கடையில் தண்ணீர்த் தாங்கிகளுக்குத் தகடு வளைத்தவன் நான். ஒரு வளைவைக் கண்டுபிடிக்க எனக்கு அடிமட்டம்கூட வேண்டியதில்லை. நான்கு வருடம் அதைத் தறப்பாளால் மூடிமூடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அட்டையைப் பார்த்தேனே தவிர இரும்பைப் பார்க்கவில்லை.

அட்டை காற்றில் ஆடியது. என் கம்பி. மூன்று தடவை இழுத்துப் பார்த்த என் முடிச்சு.

அப்போது நினைவு வந்தது. இந்த இரண்டு துண்டின் அட்டைகளையும் ஒன்றாக அவிழ்த்துவிட்டேன். ஒரு கையில் இரண்டு அட்டை, மற்றக் கையில் குறடு. நூல் பொடியாகிப் போகிறதே என்ற அவசரம்.

பிள்ளைகளே, நான் உடனே உண்மையைச் சொன்னேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். சொல்லவில்லை. இங்குனிடம் போய், "இது பாரமாகத் தெரிகிறது, ஒருமுறை நிறுத்துப் பார்ப்போமா?" என்றேன். சுற்றி வளைத்துத்தான் சொன்னேன். அட்டை, கம்பி, என் கை எதுவும் அந்த வசனத்துக்குள் வரவில்லை.

இங்குன் சிரித்தாள். "சிவா, பொறியியலாளர் கணக்குப் பார்த்திருக்கிறார். டெ கோர் ப்ரா."

"ஆனால் கீழே பிள்ளைகள்..."

"போன வாரம் கதவுப்பிடி," என்றான் ஓடவார் சங்கிலியைச் சரிபார்த்தபடி. "அதற்கு முந்தின வாரம் நிலம் துடைக்கிற வாளி. இன்றைக்கு இரும்பா? படிவம் எடுத்துக்கொண்டு வா, கையெழுத்துப் போட்டுத் தாறன்."

கிரேன்காரர் மணிக்கூட்டைப் பார்த்தார். மதியத்துக்கு முன் அவர் வேறோர் இடத்துக்குப் போக வேண்டும். "என் கிரேன் இதைப்போல இரண்டு தூக்கும்," என்றார். கிரேனுக்கு வித்தியாசம் தெரியாது. தளத்துக்கு மட்டும்தான் தெரியும்.

துண்டு நிலத்தைவிட்டு எழும்பியது. ஒரு சாண், இரண்டு சாண்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. இவர்கள் மீது கோபம். நூறு தடவை எச்சரித்தவன் நான், ஒரு தடவையாவது கேட்டார்களா? ஆனால் அதைவிடப் பெரிய கோபம் என் மீது. நூறு தடவை சொன்னதாலேயே என் பயத்துக்கு மதிப்பில்லாமல் போய்விட்டது. இன்னொரு தடவை "பயமாக இருக்கிறது" என்றால் இன்னொரு சிரிக்கும் முகம் வரும், அவ்வளவுதான். ஆரணி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, என்ன? முகம் வெளிறிப்போச்சு."

"அட்டையை மாத்திக் கட்டிப்போட்டன், பிள்ளை."

"ஆர்?"

"நான்."

அவள் ஒரு வினாடிதான் யோசித்தாள். "அப்ப அதைச் சொல்லுங்கோ. எனக்கில்லை, அவைக்கு."

நான் லொறிக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்றேன். நோர்வேஜிய மொழியில் எனக்கு இலக்கணம் எப்போதும் தகராறு. அன்றைக்குப் பிழையே வரவில்லை. "நிறுத்துங்கள். இது கோபுரத் துண்டு. நான்கு வருடத்துக்கு முன் அட்டைகளை அவிழ்த்துக் கட்டியது நான். என்னிடம் யாரும் கட்டச் சொல்லவில்லை. இரண்டையும் மாற்றிக் கட்டியிருக்கிறேன். பிழை என்னுடையது."

கிரேனின் சத்தம் நின்றது. யாரும் சிரிக்கவில்லை. ஒரு நூல் அளவு சிரிப்பும் இல்லை. இங்குன் என்னைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள், பிறகு சாப்பாட்டறை யன்னலைப் பார்த்தாள். உள்ளே பிள்ளைகள் பாண் துண்டைச் சுற்றிய கடதாசியைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இறக்கு," என்றாள்.

கிரேன்காரரின் பெட்டியில் ஒரு கொளுக்கித் தராசு இருந்தது. சங்கிலிக்கும் துண்டுக்கும் நடுவில் அதை மாட்டி ஒரு சாண் தூக்கினார். முள் அட்டையில் எழுதியிருந்த பாரத்தைத் தாண்டி, அதன் இரட்டிப்பையும் தாண்டிப் போய் நின்றது. ஓடவார் உளியை எடுத்துக்கொண்டு கிடங்குக்குள் போனான். அங்கே 'கோபுரம்' என்று நான் பெயர் சூட்டி வைத்த மற்றத் துண்டின் கரையைச் சுரண்டினான். திரும்பி வந்து உள்ளங்கையைத் திறந்தான். கறுப்புத் தாரோடு ஒரு சுருள் மரம். மூக்கில் வைத்துப் பார்த்து, "ஓக்," என்றான்.

ஒரு போருக்கும் போகாத கப்பல். வாழ்ந்த காலம் முழுக்க ஒருவர் மீதும் கீறல்கூடப் போடவில்லை. அது செத்து இத்தனை காலத்துக்குப் பிறகு, எதிரியே இல்லாத ஊரில், ஒரு நாலாம் வகுப்பின் தலைக்கு மேல் ஏறப் பார்த்தது. ஏற்றியது ஒரு துண்டுக் கம்பியும் நானும்.

இங்குன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். "எத்தனை அட்டை கட்டினாய்?"

"எல்லாம்."

"எல்லாமா?"

"கிடங்கில் இருந்த எல்லாம்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் ஹம்மர்பெஸ்ட் மேற்பார்வையாளரை நினைத்தேன். அவர் இருந்திருந்தால் கத்தியிருப்பார், நானும் அழுது முடித்திருப்பேன். இவள் கத்தவில்லை. மேசையில் இருந்த என் கடிதத்தை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தாள். "எல்லா அட்டையையும் பொருளோடு ஒத்துப்பார். முடிந்த பிறகு இதைப் பற்றிக் கதைப்போம்," என்றாள். டெ கோர் ப்ரா என்று சொல்லவில்லை. அந்த ஒரு தடவை அதைச் சொல்லியிருந்தால் கேட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

வீட்டுக்குப் போனேன். ராணி முகத்தைப் பார்த்ததும் சட்டியை இறக்கினாள்.

"வேலை போச்சோ?"

"தெரியாது. கடிதத்தை உள்ளை வைச்சுப்போட்டா."

முழுவதையும் சொன்னேன். கடைசிவரை கேட்டாள்.

"பிள்ளையளுக்கு ஒண்டுமில்லையோ?"

"ஒண்டுமில்லை. சாப்பிட்டிட்டுப் போட்டுதுகள்."

"அப்ப நீங்களும் சாப்பிடுங்கோ. வீடு பிறகு வாங்கலாம்."

எட்டு மாதம் எடுத்தது. ஒவ்வொரு பொருளாகத் தூக்கி, அளந்து, பழைய பதிவேட்டோடு ஒத்துப்பார்த்தேன். கையெழுத்துப் புரியாத இடங்களை ஆரணி வாசித்துச் சொன்னாள். வேறு ஒரு அட்டைகூட மாறியிருக்கவில்லை. நான் கட்டிய அத்தனையிலும் பிழையாகிப்போனது இந்த இரண்டு மட்டும்தான். அதை நினைத்தால் ஆறுதலா எரிச்சலா என்று இன்றுவரை எனக்குத் தீர்மானிக்க முடியவில்லை. கடைசி அட்டை முடிந்த நாள் இங்குன் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்து, பேனாவையும் அதன்மேல் வைத்தாள். நான் கையெழுத்திட்ட பிறகு அவள் கேட்டது ஒன்றுதான்: "அன்றைக்கு முதல் தடவை ஏன் பாரமாகத் தெரிகிறது என்று மட்டும் சொன்னாய்?" நான் கடிதம் இருந்த இழுப்பறையைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அந்த வியாழக்கிழமை கோபுரத் துண்டை மேலே ஏற்ற முடியாது, திரும்பக் கிடங்குக்குள் கொண்டுபோகவும் நேரமில்லை. அதனால் முற்றத்திலேயே, நான் எடுத்துக் கொடுத்த அளவில், ஒரு கூரை போட்டு வைத்துவிட்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் வெயில் நாளில் அதன்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு சாப்பிடுவார்கள். தார் ஒட்டும் என்றும், கூரை போதாது, மழைச் சாரலில் துருப்பிடிக்கும் என்றும் இரண்டு அவ்விக் எழுதினேன். இரண்டும் சிவா கோப்புக்குள் போயின. மூன்றாவதை வேறுமாதிரி எழுதினேன்: "கூரைக்கு அளவு எடுத்துக் கொடுத்தது நான். வடக்குப் பக்கம் ஒரு சாண் குறைத்து எடுத்துவிட்டேன். அந்தப் பக்கத்தால் சாரல் அடிக்கிறது."

மறுநாள் காலையில் வேலைக்கு வந்தபோது ஓடவார் முற்றத்தில் நின்றான். ஒரு கையில் அளவு நாடா, மற்றக் கையில் இரண்டு பலகை. பகிடி ஒன்றும் விடவில்லை. "எந்தப் பக்கம் என்றாய்?" என்று மட்டும் கேட்டான்.

நாடாவின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். அளவை இரண்டு பேருமாக வாசித்தோம்.